திறப்பு யார் கையில்?

சப்ரகமுவத் தோட்டப் பகுதிகளில் பல பாடசாலைக் கணினி அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. தோட்டத்துத் தேவாலய மண்டபங்களும் வாரத்தில் ஆறு நாள் பூட்டித்தான் கிடக்கின்றன. இரண்டையும் சேர்த்து யோசித்தால் என்ன?

கணினி அறிவு உள்ளவர் யார் என்பதற்கு இலங்கைத் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் வைத்திருக்கும் வரையறை மிகவும் இளகியது. 5 வயது முதல் 69 வயது வரையுள்ள ஒருவர் தானாகவே கணினியைப் பயன்படுத்தினால் போதும். 5 வயதுப் பிள்ளை யாருடைய துணையும் இல்லாமல் ஒரு கணினி விளையாட்டை விளையாடினாலும் கணக்கில் வந்துவிடும். இப்படி அளந்தும்கூட, நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்துப் போடும் அட்டவணையில் திரும்பத் திரும்பக் கடைசியில் நிற்பது தோட்டம்தான். நகரத்து விகிதத்தில் பாதியைக்கூட அது தொடுவதில்லை. விளையாடிப் பழகுவதற்குக்கூட அந்த வீடுகளில் ஒரு கணினி இல்லை.

தோட்டங்களுக்குள்ளும் சில தோட்டங்கள் இன்னும் தள்ளிக் கிடக்கின்றன. மலையகம் என்றதும் அட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை என்றுதான் மனம் ஓடுகிறது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் வாழ்கிறார்கள் என்பது பலருக்கு உடனே நினைவுக்கு வருவதில்லை. கேகாலைப் பக்கம் எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெகியோவிட்ட, புளத்கொஹுபிட்டிய என்று றப்பர் காடுகள். இரத்தினபுரிப் பக்கம் பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, பெல்மதுளை என்று தேயிலையும் றப்பரும் கலந்த மலைகள். நுவரெலியாவைப் போல மலை மலையாகத் தொடர்ந்து தமிழர் வாழும் நிலம் இல்லை இது. சிங்களக் கிராமங்கள், மாணிக்கக் குழிகள், அடர்ந்த காடு, நடுவே ஒரு தோட்டம், அதற்குள் மேல்கணக்கு, கீழ்கணக்கு என்று பிரிந்த லயங்கள். அடுத்த தமிழ்ப் பாடசாலைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். உயர்தரத்தில் கணிதமோ விஞ்ஞானமோ தமிழில் படிக்க விரும்பும் பிள்ளைக்கு மாகாணத்துக்குள் வாய்ப்பு மிகக் குறைவு. கண்டிக்கோ அட்டனுக்கோ கொழும்புக்கோ போக முடிந்தவர் போகிறார். மற்றவர் கலைப்பிரிவு படிக்கிறார், அல்லது கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போகிறார்.

இந்தச் சிதறலுக்குள் ஒரு பயமும் உண்டு. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தைப் பகுதித் தோட்டங்கள் தாக்கப்பட்டன. வீடிழந்தவர்களில் பலர் வவுனியா பக்கம் போய், மருத்துவர் ராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் நடத்திய காந்தீயம் அமைப்பின் குடியேற்றங்களில் தங்கினார்கள். 1983இல் வன்முறை மீண்டும் வந்தது. தங்கியவர்கள் சத்தமில்லாமல் வாழப் பழகிக்கொண்டார்கள். தமிழில் கேட்டால் கிடைக்க வேண்டியதைக்கூடக் கேட்காமல் விடும் தயக்கம் சப்ரகமுவத் தோட்டங்களில் இன்றும் தெரிகிறது. கணினியைப் பற்றிப் பேச வந்த இடத்தில் இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எந்த வசதியும் முதலில் ஒரு கதவாகத்தான் வருகிறது. அந்தக் கதவைத் தாண்டி உள்ளே போகலாம் என்று நம்பும் துணிவு எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை.

வசதி யாருக்காக வருகிறது என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. களனிவெளிப் புகையிரதப் பாதை 1912இல் இரத்தினபுரியை எட்டியது. தேயிலையும் றப்பரும் துறைமுகம் போக வேண்டியிருந்தது, பாதை வந்தது. லொறிகள் போதும் என்று ஆனதும் அது தேயத் தொடங்கியது. இன்று ரயில் அவிசாவளையோடு நின்றுவிடுகிறது. தொலைபேசிக் கோபுரங்கள் விஷயத்திலும் இதே கணக்குதான் நடக்கிறது. சந்தையும் நெடுஞ்சாலையும் இருக்கும் பக்கம் சிக்னல் நிரம்பி வழிகிறது. மலை மறைவில் இருக்கும் லயத்துக்கு வந்து சேருவது ஒரு கோடு, சில நேரம் அதுவும் இல்லை.

போன் இருக்கிறதே என்பார்கள்

இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது, கணினி எதற்கு என்று கேட்பவர்கள் நிறைய. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது. பாடங்கள் வாட்ஸ்அப்பிலும் ஸூமிலும் வந்தன. லயத்தில் ஒரு போன், அது அப்பாவிடம், அப்பா மலையில். மாலையில் அவர் வந்த பிறகு மூன்று பிள்ளைகள் அதற்குக் காத்திருந்தார்கள். ஊவாவில் பொஹிட்டியாவ என்ற கிராமத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காகக் காட்டு வழியே நடந்து பாறை உச்சிக்கு ஏறிய செய்தி 2021இல் உலகம் முழுதும் போனது. அது சிங்களக் கிராமம். அதே வேலையைச் செய்த தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர். அதே 2021 மார்ச்சில்தான் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக உயர்ந்தது. அந்தக் கூலியில் ஒரு சாதாரண ஸ்மார்ட்போன் வாங்க ஏறக்குறைய ஒரு மாத உழைப்பு முழுதும் போய்விடும்.

போன் நல்லதுதான். கட்டாரிலும் குவைத்திலும் வீட்டுவேலை செய்யும் அம்மாவின் முகத்தைப் பிள்ளை பார்ப்பது அதில்தான். ஆனால் ஒரு கடிதம் எழுத, வேலைக்கு விண்ணப்பிக்க, கணக்கு ஒன்றை அட்டவணையில் போட, சாதாரண தரப் பரீட்சைக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடம் எடுத்த பிள்ளை செய்முறையைப் பழக, உள்ளங்கைத் திரை போதாது. அந்தப் பாடத்தைக் கணினியைத் தொடாமலே படிக்கும் பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். சுட்டியின் இடது பொத்தான் எதற்கு, வலது பொத்தான் எதற்கு என்று குறிப்புக் கொப்பியில் எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். இதைவிட வருத்தமான கல்வி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பாடசாலையில் கணினி இல்லையா? பல இடங்களில் இருக்கிறது. ஆனால் அது பொருட்பதிவேட்டில் ஏறிய அரச சொத்து. பழுதானால் பொறுப்பான ஆசிரியர் பதில் சொல்ல வேண்டும். அவருக்கு இடமாற்றம் வந்தால் அடுத்தவர் ஒவ்வொன்றாக எண்ணிப் பொறுப்பேற்க வேண்டும். பழுதுபார்க்கப் பணம் வருவது எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே பூட்டி வைப்பதே பாதுகாப்பு. அந்த ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பயன்படுத்தினால் தண்டனை, பூட்டினால் நிம்மதி என்று முறைமையே அமைந்திருக்கும்போது ஒரு தனியாள் என்ன செய்வார்? இரண்டு மணிக்குப் பாடசாலை விட்டதும் அந்த அறையும் வளவோடு சேர்ந்து மூடிக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமை கேட்கவே வேண்டாம்.

பிறகு இருப்பது நகரத்துக் கொமியுனிகேஷன் கடை. 2023இல் அஸ்வெசும நலன்புரித் திட்டத்தின் பட்டியல் வெளிவந்தபோது, விடுபட்டவர்கள் இணையத்திலும் மேன்முறையீடு செய்யலாம் என்று அரசு அறிவித்தது. கொழும்பில் இருப்பவருக்கு அது வசதி. தெரணியகலைக்கு அப்பால் ஒரு மேல்கணக்கில் இருப்பவருக்கு ஒரு நாள் வேலையை விட்டு, பஸ் பிடித்து, கடைக்காரரிடம் காசு கொடுத்து, அவர் தட்டுவது என்னவென்று புரியாமலே கையெழுத்து வைக்கும் காரியம். பரீட்சை விண்ணப்பம், பெறுபேறு, வெளிநாட்டு வேலைப் பதிவு என்று ஒவ்வொன்றாக இணையத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அவை போகப் போக, தோட்டத்துக்கும் அரசுக்கும் நடுவே புதிதாக ஒரு கங்காணி முளைக்கிறார்.

விகாரையில் வந்த கணினி

வழிபாட்டிடத்தில் கணினி என்பது நான் இப்போது கண்டுபிடித்த யோசனை இல்லை. இலங்கை அரசே இதைச் செய்து பார்த்திருக்கிறது. 2003இல் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையம் தொடங்கப்பட்டது. உலக வங்கியின் கடனுதவியோடு நடந்த இ-ஸ்ரீலங்கா திட்டத்தின் கீழ் ‘நெனசல’ என்ற அறிவு நிலையங்கள் நாடெங்கும் எழுந்தன. எங்கே வைப்பது என்ற கேள்விக்குத் திட்டக்காரர்கள் கண்ட விடைகளில் ஒன்றுதான் வழிபாட்டிடம். விகாரை, கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாவற்றிலும் நெனசல வந்தது. கட்டடம் தயாராக இருந்தது, மின்சாரம் இருந்தது, ஊரார் நம்பும் ஒருவர் பொறுப்பில் இருந்தார். அந்தத் திட்டத்தின் மின்நூலகப் பகுதி 2014இல் பில் அண்ட் மெலிண்டா கேட்ஸ் அறக்கட்டளையின் கற்றல் வாய்ப்பு விருதை வென்றது. பரிசுத்தொகை 10 லட்சம் டொலர். உலகம் பாராட்டிய திட்டம் அது.

நல்ல திட்டம்தான், சந்தேகமில்லை. ஆனால் சப்ரகமுவத் தோட்டத்துக்கு அதிலிருந்து வந்து சேர்ந்தது கொஞ்சம். பக்கத்துக் கிராமத்து விகாரையில் நெனசல இருந்தாலும், தமிழ்ப் பிள்ளை அங்கே போய்ச் சிங்களத்தில் நடக்கும் வகுப்பில் உட்கார்வது எளிதான காரியம் இல்லை. அந்த விகாரையின் ஹாமதுரு நல்லவராக இருக்கலாம், பிள்ளையை வரவேற்கவும் செய்யலாம். ஆயினும் 1981ஐ நினைவில் வைத்திருக்கும் தாத்தா தன் பேத்தியை மாலை ஆறு மணிக்குக் கிராமத்து வழியே அனுப்பமாட்டார். இன்னொன்று, தொடக்கத்தில் கிடைத்த உதவி வற்றியதும் நாடெங்கும் பல நிலையங்கள் தள்ளாடின. இணையக் கட்டணம், மின்கட்டணம், பழுது, பொறுப்பாளரின் சம்பளம் எல்லாம் யார் தலையில் என்று கேட்டபோது பல இடங்களில் பதில் இல்லை. பெட்டி வந்து இறங்கிய நாளில் எடுத்த படம் மட்டும் சுவரில் மிஞ்சியது.

இன்னொரு முயற்சியும் நினைவுகூரத் தக்கது. கொத்மலை சமூக வானொலி 1989இல் தொடங்கியது. 1990களின் இறுதியில் யுனெஸ்கோ உதவியோடு அங்கே இணைய இணைப்பு வந்தது. நேயர்கள் தபாலில் கேள்வி அனுப்புவார்கள். அறிவிப்பாளர்கள் வலைத்தளங்களைப் பார்த்து, தெரிந்தவர் ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஊர் மொழியில் வானொலியில் விளக்குவார்கள். கணினியைத் தொடாத விவசாயிக்கும் அதன் பயன் வீட்டுக்கே போனது. கணினி இருக்கும் அறைக்கு வராதவர்களையும் கணக்கில் எடுத்துத் திட்டமிட்டவர்கள் அவர்கள். இலங்கையில் பின்னால் வந்த பல திட்டங்கள் இந்தப் பாடத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

தோட்டத்தில் யாருடைய கட்டடம் எது

தோட்டத்தில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. லயம் கம்பனியுடையது. ஸ்டோர், ஆபீஸ், பிள்ளைக் காம்பரா எல்லாம் நிர்வாகத்தின் கீழ். பிரட்டுக்களத்தில் கூட்டம் போடுவதற்கும் துரையின் சம்மதம் வேண்டும். பாடசாலை அரசுடையது. தொழிலாளர்கள் தாங்களே சந்தா சேர்த்து, தாங்களே வெள்ளையடித்து, திறப்பையும் தங்களில் ஒருவர் கையில் வைத்திருக்கும் கட்டடங்கள் கோயிலும் தேவாலயமும்தான். இதனால்தான் தேவாலயத்தைப் பற்றி எழுதுகிறேன். மதம் இதில் எனக்கு இரண்டாவது.

தேவாலயத்துக்கு இந்த வேலையில் பழைய கணக்கும் இருக்கிறது. கோப்பிக் காலத்தில், 1854இல், சர்ச் மிஷனரி சங்கத்தார் தோட்டத் தொழிலாளருக்கென்று ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்ற பெயரில் ஒரு பணியைத் தொடங்கினார்கள். துரைமாரின் பணமும் அதில் இருந்தது. உபதேசிமார் தோட்டம் தோட்டமாக நடந்தார்கள், வேதம் சொன்னார்கள், சிறு பள்ளிக்கூடங்களையும் நடத்தினார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்க வேண்டும் என்று சட்டம் தோட்ட உரிமையாளர்களைக் கட்டாயப்படுத்தியது அதற்கு அரை நூற்றாண்டு கழித்து, 1907இல். தோட்டத்தில் முதல் கரும்பலகை பல இடங்களில் மிஷனுடையது. அதில் மதமாற்றும் நோக்கமும் இருந்தது, தொழிலாளியை அடங்கிய நல்லவனாக வைத்திருக்க வேண்டும் என்ற துரையின் விருப்பமும் இருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வந்ததும் உண்மை.

1972இல் கண்டியில் இயேசுசபைத் துறவி போல் கஸ்பர்ஸ் தொடங்கிய சத்யோதய நிலையம் வேறொரு பாதையைக் காட்டியது. சிங்களவர், தமிழர், முஸ்லிம், பௌத்தர், இந்து, கிறிஸ்தவர் என்று எல்லோரும் சேர்ந்து வேலை செய்த இடம் அது. தோட்ட மக்களின் சம்பளம், குடியுரிமை, வீடு பற்றி ஆய்வு செய்தார்கள், வாதாடினார்கள். யாரையும் ஞானஸ்நானத் தொட்டிக்கு அழைக்கவில்லை. தோட்டத்தில் ஒரு தேவாலயம் கணினி அறை திறப்பதென்றால் அது சத்யோதயவின் வழியில் நடக்க வேண்டும், 1854இன் வழியில் அல்ல.

சப்ரகமுவவில் இதற்கு வசதியான ஓர் அமைப்பும் இருக்கிறது. கத்தோலிக்கரின் இரத்தினபுரி மறைமாவட்டம் 1995இல் காலி மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து உருவானது. இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரண்டு நிர்வாக மாவட்டங்களும் அதன் எல்லைக்குள். காரிடாஸின் சமூகப்பணிக் கிளையும் உண்டு. மெதடிஸ்த, பப்டிஸ்த, அங்கிலிக்கன் சபைகளுக்கும் இந்த மாகாணத்தில் பழைய வேர்கள் உண்டு. ஒரு பங்குத்தந்தை மாதத்தில் ஒரு முறை, சில இடங்களில் அதற்கும் குறைவாக, தோட்டத்து மாதா கோயிலுக்கு வந்து பூசை வைப்பார். மற்ற நாட்களில் மண்டபத்துக்குள் நாற்காலிகளும் ஒலிபெருக்கியும் தூசி படிந்து கிடக்கும். திருவிழாவுக்கு இழுத்த மின்கம்பி அப்படியே இருக்கும். ஞாயிறு தொழிலாளிக்கும் பிள்ளைக்கும் ஓய்வு நாள். வாரத்தில் ஒரு நாளாவது அந்தக் கதவை யாராவது திறக்கத்தான் செய்கிறார்கள்.

சாமி கும்பிடாமல் உள்ளே வரலாமா

இங்கே ஒரு கேள்வியை மறைக்காமல் எடுக்க வேண்டும். தோட்டத்தில் பெரும்பாலோர் இந்துக்கள். சிலுவை மாட்டிய கட்டடத்தில் கணினி வைத்தால் மாரியம்மன் கோயில் தலைவர் என்ன நினைப்பார்? மதம் மாற்ற வந்த புதுத் தூண்டில் இது என்று நினைப்பார். அப்படி நினைக்கக் காரணம் இல்லாமலும் இல்லை. பால்மாவும் பாடப்புத்தகமும் கொடுத்து ஜெபக்கூட்டத்துக்கு அழைத்த சம்பவங்கள் தோட்ட மக்களின் நினைவில் இருக்கின்றன. அந்தச் சந்தேகத்தைக் கோபத்தோடு மறுப்பதில் பயனில்லை. நடந்துகொள்ளும் முறையால்தான் அதைத் தீர்க்க முடியும்.

புதுச்சேரியில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியபோது இதே சிக்கல் வேறு உருவில் வந்தது. எம்பலம் என்ற ஊரில் மையம் அமைந்தது கோயில் இடத்தில். நம் ஊர்களில் கோயில் என்றால் யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்ற பழைய வழக்கம் கூடவே வருமே? மையம் அமையும் இடத்துக்குத் தலித் மக்கள் உட்பட ஊரார் எல்லோரும் தடையின்றி வர வேண்டும் என்பதை அந்த நிறுவனம் நிபந்தனையாக வைத்தது. பெண்கள் முன்நின்று மையத்தை நடத்தினார்கள். கணினியை விட அந்த நிபந்தனைதான் ஊரில் பெரிய மாற்றம் என்று நான் நினைக்கிறேன்.

தோட்டத்துக்கு நான் கேட்பதும் அதுபோன்ற எழுதிய உடன்பாடு. கணினி நேரத்தில் ஜெபமோ பிரசங்கமோ இல்லை. துண்டுப்பிரசுரம் இல்லை. நடத்தும் குழுவில் கோயில் தலைவரும் ஒருவர், தோட்டத்தில் முஸ்லிம் குடும்பங்கள் இருந்தால் அவர்களிலிருந்தும் ஒருவர், தாய்மாரில் இரண்டு பேர். தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் விடுமுறை, நத்தாருக்கு விடுவது போலவே. பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பிள்ளை வந்தாலும் நாற்காலி உண்டு. இதற்கு ஒப்பாத சபை கணினி அறை திறக்காமல் இருப்பதே நல்லது.

பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் அதே அளவு கண்டிப்பு வேண்டும். திரைகள் எல்லாம் வாசலைப் பார்த்திருக்க வேண்டும். யன்னல் திறந்திருக்க வேண்டும். பெரியவர் ஒருவர் மட்டும் பிள்ளைகளோடு தனியே இருக்கும் நேரம் ஒரு நிமிடம்கூட வரக்கூடாது, அவர் போதகராக இருந்தாலும் சரி. பெண் பிள்ளைகளைத் தாய்மார் நம்பி அனுப்ப வேறு வழி கிடையாது. லயத்தில் போன் அண்ணன் கையில்தான் இருக்கிறது. தங்கைக்கு என்று ஒரு திரை கிடைக்கும் இடம் இந்த மண்டபமாக இருக்க முடியும்.

இடியும் மின்னலும் பழைய கணினியும்

இனிச் செலவுக்கு வருவோம். 2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. வங்கிகளும் கம்பனிகளும் நல்ல நிலையில் உள்ள கணினிகளைக்கூட ஒதுக்கிவிட்டுப் புதியவை வாங்குகின்றன. அந்தப் பழைய பெட்டிகளில் லினக்ஸ் போட்டால் இன்னும் பல ஆண்டுகள் ஓடும், தமிழிலும் ஓடும். கொழும்புப் பங்குகளில் பெரிய கம்பனிகளில் பதவி வகிக்கும் கத்தோலிக்கர்கள் எத்தனை பேர்! ஆயர் இல்லத்திலிருந்து ஒரு கடிதம் போனால் ஐந்து பத்துப் பெட்டிகள் வருவது பெரிய காரியம் இல்லை.

சப்ரகமுவவில் அவற்றைக் காப்பாற்றுவதுதான் பெரிய காரியம். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் பின்னேரம் ஆனால் இடி மின்னல். ஒரு மின்னலில் ரவுட்டரும் திரையும் சேர்ந்து கருகிப் போகும். மண்டபத்துக்கு ஒழுங்கான புவித்தொடுப்பு போடாமல் ஒரு கணினியையும் உள்ளே கொண்டுவரக் கூடாது. வானம் கறுத்தால் வயரைக் கழற்றுவதைப் பிள்ளைகளுக்கு முதல் பாடமாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். களுகங்கை பெருகும் தாழ்நிலத்தில் என்றால் மேசை உயரம் போதாது, மாடி வேண்டும். மெல்லிய துணி உறையும் காற்றோட்டமும் இல்லையென்றால் ஈரம் ஆறு மாதத்தில் உள்ளே பூஞ்சணம் பிடிக்க வைக்கும். கொழும்பிலிருந்து திட்டம் போடுகிறவர்களின் வரவுசெலவில் இந்த வரிகளைப் பார்ப்பது அரிது.

சிக்னல் இல்லாத தோட்டத்திலும் அறை திறக்கலாம். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தவரான இ.மயூரநாதன் அதற்கு அடித்தளம் போட்டவர்களில் முதன்மையானவர். இன்று அதில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டுரைகள் உள்ளன. கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளால் அதை முழுவதும் ஒரு சிறு நினைவட்டையில் இறக்கிக் கொண்டுபோய், இணையமே இல்லாமல் எல்லாக் கணினியிலும் படிக்கலாம். 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத்தில் ஈழத்து நூல்களோடு மலையகத்து நூல்களும் இதழ்களும் இருக்கின்றன. தன் பாட்டனார் காலத்துத் தோட்டத்தைப் பற்றி அச்சில் வந்ததைத் தன் தோட்டத்திலேயே உட்கார்ந்து ஒரு பிள்ளை படிப்பது சிறிய விஷயமில்லை. கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் பாடங்கள் தமிழிலும் உள்ளன. அவற்றையும் கடந்தகால வினாத்தாள்களையும் மாதம் ஒரு முறை நகரத்தில் இறக்கி எடுத்து வர ஓர் ஆள் போதும்.

எழுதுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாமினி எழுத்துருவில் பழகிய அண்ணாமார் தம்பிமாருக்கும் அதையே காட்டிக்கொடுக்கிறார்கள். யுனிகோடில் முதல் நாளிலிருந்தே பழக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பிள்ளை தமிழில் எழுதிய விண்ணப்பம் அடுத்த கணினியில் புரியாத எழுத்துக் குவியலாகத் திறக்கும்.

எல்லாவற்றுக்கும் மேல், திறப்பை வைத்திருக்கும் ஆள். அமெரிக்காவில் அந்தோனியா ஸ்டோன் என்ற ஆசிரியை 1983இல் ஹார்லெமில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் நிலவறையில் ஏழைகளுக்கென்று பொதுக் கணினி நிலையம் திறந்தார். 2000இல் பொஸ்டனில் தேவாலயக் கணினி நிலையங்களை ஒன்றிணைக்க ஒரு சங்கம் எழுந்தது, பின்னால் அது டெக்மிஷன் என்று பெயர் பெற்றது. நகரத்து ஏழைச் சபைகளிடம் அறையும் மனமும் இருந்தன, நாள்தோறும் வந்து நடத்தப் பயின்ற ஆட்கள் போதவில்லை. ஆகவே ஆட்களைத் தேடிக் கொடுப்பதும் பயிற்றுவிப்பதும் அதன் பெரிய வேலையானது. பொஸ்டனில் இருந்த அந்தக் குறை இறக்குவானைக்கும் உண்டு.

உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பெண் பிள்ளைகள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு மூன்று மாதப் பயிற்சியும் மாதச் சம்பளமும் கொடுங்கள். சம்பளம் என்று அழுத்திச் சொல்கிறேன். தொண்டு என்று சொல்லி வாங்கும் உழைப்பு தோட்டத்தில் ஏற்கெனவே போதும் போதும் என்ற அளவுக்கு இருக்கிறது. ஆண்டுத் திருவிழாவுக்கு வாணவேடிக்கை, பாண்ட் வாத்தியம் என்று செலவாகும் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கினால் பல பங்குகளில் இந்தச் சம்பளம் தாராளமாக வரும். கேட்கக் கசப்பாக இருந்தாலும் கேட்கத்தான் வேண்டும். உதவிக்குப் பலாங்கொடைக்கு அப்பால், பெலிஹுல்ஓயாவில், சப்ரகமுவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே கணினிப் படிப்பு உண்டு, வடக்கு கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்த தமிழ் மாணவர்கள் உண்டு. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். பல்கலைக்கழகத்துக்கும் லயத்துக்கும் நடுவே சில மைல்கள்தான். மாணவர்கள் ஞாயிறுகளில் வந்து போக ஒரு வான் ஏற்பாடு செய்யும் பொறுப்பை ஒரு சபை எடுத்துக்கொண்டால் போதும்.

முதல் வேலை

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால் மழையிலிருந்து என்பேன். 2016 மே 17இல் கேகாலை மாவட்டத்தில் அரநாயக்க மலை சரிந்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயங்கள் மீது மண் விழுந்து தொழிலாளர் குடும்பங்கள் பல அழிந்தன. மண்சரிவு அபாய எச்சரிக்கைகளைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடுகிறது. அவை இணையத்தில் வருகின்றன. இரவு பத்து மணிக்கு மேல்கணக்கில் அதை யார் பார்ப்பது? பார்த்தாலும் எப்படி எல்லா லயத்துக்கும் சொல்வது?

2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது, புதுச்சேரிக் கடற்கரையில் நல்லவாடு என்ற மீனவ ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்து ஓர் ஊர்க்காரர் தொலைபேசியில் கூப்பிட்டு, கடல் வருகிறது, ஓடுங்கள் என்று சொன்னார். சுவாமிநாதன் நிறுவனத்தின் தகவல் மையத்துக்கென்று அங்கே வைத்திருந்த ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தார்கள். ஊர் முழுதும் தப்பியது. கடல் நிலவரம் சொல்வதற்கு அந்த ஒலிபெருக்கியை நாள்தோறும் பயன்படுத்திப் பழகியிருந்தார்கள், அதனால்தான் அன்றைக்கும் மக்கள் அந்தக் குரலை நம்பி ஓடினார்கள்.

தோட்டத்துத் தேவாலயத்தில் ஒலிபெருக்கி இருக்கிறது, கோயிலிலும் இருக்கிறது. கணினிகள் வந்து சேர நாள் ஆகலாம். ஒரு போனும், அதில் எச்சரிக்கையைத் தமிழில் படித்துச் சொல்லப் பயிற்சி பெற்ற இரண்டு இளைஞரும், இரண்டு கட்டடத்தின் திறப்பும் அவர்கள் கையில் இருந்தால் இந்த வேலையை இப்போதே தொடங்கலாம். நாள்தோறும் மாலையில் மழை நிலவரம், மறுநாள் பஸ், பரீட்சைத் திகதி, பிரதேச செயலகத்து நடமாடும் சேவை என்று அறிவித்துப் பழக்குங்கள். மே மாதத் தென்மேற்குப் பருவமழைக்கு முன் ஒவ்வொரு பங்கும் தன் எல்லைக்குள் அபாய வலயத்தில் உள்ள தோட்டங்களின் பட்டியலை எடுத்து, அங்கே இந்த இரண்டு பேரைத் தெரிவுசெய்ய வேண்டும். ஒருவர் தேவாலயத்திலிருந்து, ஒருவர் கோயிலிலிருந்து.